பரதநாட்டியப் பட்டப்படிப்பு: முதல் ஆண்டை எப்படித் திட்டமிடுவது?

ஒவ்வொரு ஜூலையிலும் முதலாம் ஆண்டு வகுப்பில் இதைப் பார்க்கிறேன். அரங்கேற்றம் முடித்து, வர்ணம் என்ற நீண்ட நடனம் வரை ஆடிவிட்டு வந்த பிள்ளைகள் முன்வரிசையில் நிற்பார்கள். ஆசிரியர் தட்டுக்கழியை எடுத்து, "தட்டடவு, முதல் காலம்" என்று தொடங்குவார். அடவு என்பது நடனத்தின் அடிப்படை அசைவு, தட்டடவுதான் அதில் முதல் பாடம், காலம் என்பது வேகம். சிலர் முகம் வாடிவிடும். பத்து வருடம் ஆடிவிட்டு மறுபடியும் 'தெய்யா தெய்'யா என்ற வருத்தம். அதே வகுப்பில், பள்ளி ஆண்டு விழாவைத் தவிர வேறு மேடை பார்க்காத பிள்ளை கடைசி வரிசையில் பயந்துகொண்டு நிற்கும். நவம்பரில் செய்முறைத் தேர்வு வரும்போது இந்த வரிசை பெரும்பாலும் மாறியிருக்கும்.

காரணம் திறமை இல்லை. முதல் ஆண்டை எதற்கான ஆண்டு என்று நினைத்து வருகிறோம் என்பதுதான். புது உருப்படிகளை, அதாவது மேடையில் ஆடும் நடனங்களை, சேர்த்துக்கொள்ள வந்தவர்கள் ஏமாந்து போகிறார்கள். உடம்பையும் தாளத்தையும் அடியிலிருந்து சரிசெய்துகொள்ள வந்தவர்களுக்கு இந்த ஆண்டு நிறையக் கொடுக்கிறது. கீழே சொல்வதெல்லாம் இந்த ஒரு எண்ணத்திலிருந்து வருவதுதான்.

விண்ணப்பிக்கும் முன்

முதலில், நீங்கள் சேரப்போவது பட்டமா, பட்டயமா (டிப்ளமோவா) என்று தெளிவாகக் கேளுங்கள். சென்னை, மதுரை, கோவை, திருவையாறு ஆகிய ஊர்களில் அரசு இசைக் கல்லூரிகள் இருக்கின்றன. சென்னையில் 2013-இல் இசைக்கும் கவின்கலைக்கும் என்றே தனிப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. திருச்சி கலைக்காவிரி பாரதிதாசன் பல்கலைக்கழக இணைப்போடு பரதத்தில் பட்டம் தருகிறது. சென்னையிலுள்ள நடன நிறுவனமான கலாக்ஷேத்ரா என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது அதன் நான்காண்டு டிப்ளமோ. இலங்கையில் என்றால் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் இராமநாதன் நுண்கலைப் பிரிவும், மட்டக்களப்பில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகமும் இருக்கின்றன. டிப்ளமோ தாழ்ந்தது, பட்டம் உயர்ந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் பின்னாளில் முதுகலை, கல்லூரி வேலை என்று போக நினைப்பவருக்கு இந்த வித்தியாசம் பெரியது. நான்கு வருடம் கழித்துத் தெரிந்துகொள்வதைவிட இப்போதே கேட்டுவிடுவது நல்லது.

கல்லூரியைப் பார்க்கப் போகும்போது மேடையையும் விளக்குகளையும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். பயிற்சிக் கூடத்துத் தரையைப் பாருங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு நாலு தட்டடவு தட்டிப் பாருங்கள். சிமெண்ட்டின் மேல் நேரடியாகக் கல் ஒட்டியிருக்கிறதா, மரப்பலகை போட்டிருக்கிறதா என்பது காலுக்குத் தெரியும். மூன்று வருடம் உங்கள் குதிகால் அந்தத் தரையோடுதான் பேசப்போகிறது. அப்புறம், வகுப்புக்குப் பாட்டும் மிருதங்கமும் நேரில் இருக்குமா, இல்லை ஒலிப்பதிவுதானா என்றும் கேளுங்கள்.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்த மாணவிகளுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. மாணவர்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டம் இருக்கிறது. நடனப் படிப்பு என்பதால் இதெல்லாம் கிடைக்காது என்று நினைத்து விண்ணப்பிக்காமலே இருந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பட்டப்படிப்பு பட்டப்படிப்புதான். மத்தியப் பண்பாட்டு அமைச்சகம் 18 முதல் 25 வயது வரையுள்ள இளம் கலைஞர்களுக்குத் தரும் உதவித்தொகை மாதம் 5,000 ரூபாய், இரண்டு ஆண்டுக்கு. குருவிடமோ நிறுவனத்திலோ ஐந்தாண்டுப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். உங்கள் குருவிடமிருந்து பயிற்சிக் காலத்தைக் குறிப்பிடும் கடிதத்தை இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஊரை விட்டுக் கிளம்பும் முன்: குருவிடம் சொல்வது

சின்ன வயதிலிருந்து சொல்லிக்கொடுத்தவரிடம் போய், "டீச்சர், இந்தக் கல்லூரியில் சேர்ந்திருக்கிறேன், அங்கே வேறு பாணியாக இருக்கலாம்" என்று நேரில் சொல்லிவிட்டு வாருங்கள். இது வெறும் மரியாதைக்காக மட்டும் இல்லை. சொல்லாமல் வந்த பிள்ளைகள், புது ஆசிரியர் கையைத் திருத்தும்போதெல்லாம் பழைய குருவுக்குத் துரோகம் செய்வதுபோல உள்ளுக்குள் தவிக்கிறார்கள். அந்தத் தவிப்பு உடம்பில் இறுக்கமாக வந்து உட்காரும்.

பந்தநல்லூர், வழுவூர், தஞ்சாவூர், கலாக்ஷேத்ரா என்று பாணிக்குப் பாணி அடவின் கை நீட்டமும் உடம்புச் சாய்வும், அடவுக்குச் சொல்லும் தாளச் சொல்லான சொற்கட்டும் மாறும். எது சரி, எது தப்பு என்கிற விவாதத்தில் முதல் ஆண்டில் இறங்க வேண்டாம். ஒரு தனி நோட்டு போடுங்கள். இடது பக்கத்தில் வீட்டில் கற்ற அடவு: சொற்கட்டு, கை, கால், பார்வை. வலது பக்கத்தில் கல்லூரி அடவு. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் இரண்டுக்கும் பொதுவாக இருப்பது எது என்று தெரியும். முதுகலையில் பாணிகளை ஒப்பிட்டு ஆய்வு செய்யும் பிள்ளைகள் இந்த நோட்டுக்காக ஏங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

ஆண்டை ஒரே தாளில் வரையுங்கள்

ஹாஸ்டல் சுவரில் ஒட்டும் அளவுக்குப் பெரிய தாளில் ஜூன் முதல் மே வரை கட்டம் போடுங்கள். ஒரு பருவத்துக்கு 90 வேலை நாள் என்பது பொதுவான கணக்கு. பெரும்பாலான இடங்களில் 75 சதவீத வருகை இல்லாமல் தேர்வு எழுத முடியாது. ஆக, ஒரு பருவத்தில் நீங்கள் விடக்கூடிய நாட்கள் 22 தான். காய்ச்சல், ஊர்த் திருவிழா, அக்கா கல்யாணம், வெளி நிகழ்ச்சி எல்லாமே இந்த 22-க்குள் அடங்க வேண்டும்.

நடன மாணவர்களுக்கென்று வரும் நெருக்கடிகளைத் தாளில் சிவப்பில் குறியுங்கள். செப்டம்பர், அக்டோபரில் நவராத்திரி. கொலு வைக்கும் வீடுகளும் கோயில்களும் கூப்பிடும். அது முடிந்து மூச்சு விடுவதற்குள் நவம்பர் தேர்வு. டிசம்பரில் மார்கழி சீசன், அதே நேரத்தில் இரண்டாம் பருவத் தொடக்கம். பிப்ரவரி அல்லது மார்ச்சில் மகா சிவராத்திரியை ஒட்டி நாட்டியாஞ்சலி என்ற கோயில் நடன விழாக்கள், அடுத்து ஏப்ரலில் மறுபடி தேர்வு. நிகழ்ச்சிக் காலமும் தேர்வுக் காலமும் இப்படித் தோளோடு தோள் உரசித்தான் வரும். முன்கூட்டியே தெரிந்தால் சமாளிக்கலாம்.

முதல் ஆண்டில் பருவத்துக்கு இரண்டு வெளி நிகழ்ச்சிக்கு மேல் ஒப்புக்கொள்ளாதீர்கள் என்பது என் கண்டிப்பான கருத்து. கையில் காசு வருகிறது என்பது உண்மைதான், அந்தக் காசு தேவைப்படும் வீடுகளும் உண்டு. அப்படியானால் இரண்டை நான்காக்கிக்கொள்ளுங்கள், ஆனால் எந்த நான்கு என்பதை ஜூலையிலேயே முடிவு செய்துவிடுங்கள்.

முதல் ஆறு வாரம்: அரைமண்டியும் நாட்டடவும்

இங்கேதான் அதிக நேரம் நிற்க வேண்டும். அரைமண்டி என்றால் கீழே உட்காருவது என்று நினைத்துவிடுகிறோம். இடுப்பிலிருந்து தொடையைத் திருப்பி, அந்தத் திருப்பத்தின் மேல் உட்காருவதுதான் அரைமண்டி. கண்ணாடி முன் நின்று உட்கார்ந்து பாருங்கள். முட்டி எந்தப் பக்கம் போகிறது? கால் பெருவிரலுக்கு அடுத்த விரலின் திசையில் முட்டி போனால் சரி. பாதம் பக்கவாட்டில் பார்க்க, முட்டி மட்டும் முன்னால் சரிந்து நின்றால் அந்தத் திருப்பம் இடுப்பில் நடக்கவில்லை, முட்டியில் நடக்கிறது. ஆழமாக உட்கார வேண்டும் என்ற ஆசையில் பாதத்தை 180 பாகைக்குத் திருப்பிவிட்டு முட்டியை முறுக்கிக்கொள்ளும் பிள்ளைகள்தான் இரண்டாம் ஆண்டில் முட்டிப்பட்டை போட்டுக்கொண்டு வருகிறார்கள். இடுப்பு திறக்கிற அளவுக்குத்தான் பாதத்தைத் திருப்ப வேண்டும். ஆழம் மெல்ல வரும்.

அடுத்து நாட்டடவு. 'தெய் யும் தத்தத் தெய் யும் தா'. ஒரு கால் பக்கவாட்டில் நீண்டு குதிகால் தரையில் ஊன்றும், மற்றக் கால் மடங்கியபடி உடம்பைத் தாங்கும். கால் நீளும்போது உட்கார்ந்த உயரம் அப்படியே இருக்க வேண்டும். கால் திரும்பி வரும்போதுதான் தப்பு நடக்கும், இருக்கை இரண்டு அங்குலம் மேலே எழும்பிவிடும். ஆடுகிறவருக்கு அது தெரியவே தெரியாது.

இதற்கு ஒரு வழி சொல்கிறேன். அரைமண்டியில் சுவரோரம் நில்லுங்கள். தோழி ஒருவர் உங்கள் தலை உயரத்தில் பென்சிலால் நீளமாகக் கோடு போடட்டும். எதிரே போனை அதே உயரத்தில் வைத்து, அந்தக் கோட்டின் முன் முதல் காலத்தில் எட்டுத் தடவை ஆடுங்கள். பிறகு பாருங்கள், தலை கோட்டைத் தாண்டுவது எத்தனை தடவை என்று எண்ணுங்கள். முதல் வாரம் எட்டுக்கு எட்டும் தாண்டும். அதற்காக மனம் விட வேண்டாம். அந்த வீடியோவை அழிக்காதீர்கள், கடைசியில் அதற்கு வேலை இருக்கிறது.

சொந்தப் பயிற்சிக்கு ஒரு நாளைக்கு 45 நிமிடம், வாரத்துக்கு ஐந்து நாள் போதும். வகுப்பிலேயே தினமும் ஆடுகிறீர்கள். இந்த 45 நிமிடத்தில் முதல் பத்து நிமிடம் உடம்பைச் சூடாக்க. அடுத்த பத்து நிமிடம் ஆடாமல், உட்கார்ந்து தாளம் போட்டுக்கொண்டு சொற்கட்டை வாய்விட்டுச் சொல்ல. பிறகு ஒரே ஓர் அடவு வகை மட்டும், மூன்று காலத்திலும். ஒரே நாளில் தட்டடவிலிருந்து தீர்மான அடவு வரை ஓட்டிவிட்டு 'இன்றைக்கு எல்லாம் போட்டாயிற்று' என்று திருப்திப்படுவதில் பயன் இல்லை. ஆறாவது நாள் அந்த வாரத்தில் திருத்தப்பட்டதை நோட்டில் எழுதுங்கள். ஏழாவது நாள் ஓய்வு, முழு ஓய்வு.

வலி எங்கே, எப்படி என்று பிரித்துப் பாருங்கள்

முதல் மாதத்தில் தொடை வலிக்கும், ஆடுசதை வலிக்கும். இரண்டு காலிலும் பரவலாக, பிடித்து இழுப்பதுபோல வலித்து இரண்டு மூன்று நாளில் குறைந்தால் அது தசை பழகுவதன் அறிகுறி. முழங்காலுக்குக் கீழே முன் எலும்பில், ஒரு விரலை வைத்து 'இங்கேதான்' என்று காட்டுகிற மாதிரி வலித்தால் அது வேறு. தட்டும்போது கூடி, நின்றால் குறைந்து, நாளாக ஆக நின்றாலும் குறையாமல் போனால் அன்றைக்கே ஆசிரியரிடம் சொல்லிவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

நான் படித்தபோது அப்படிச் சொல்லவில்லை. முதல் ஆண்டில் எனக்கு இடது கால் எலும்பில் அப்படி ஒரு வலி வந்தது. கல்லூரி விழாவில் முதல் வரிசை கொடுத்திருந்தார்கள், சொன்னால் பின்னால் தள்ளிவிடுவார்கள் என்று பயந்து துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு மூன்று வாரம் ஆடினேன். எக்ஸ்ரே எடுத்தபோது எலும்பில் மயிரிழை விரிசல். விழாவும் போயிற்று, அதற்கப்புறம் ஆறு வாரம் வகுப்பில் ஓரமாக உட்கார்ந்து தாளம் மட்டும் போட்டேன். அந்த விரிசல் விழுந்த கால் இன்றைக்கும் மழைக்காலத்தில் நினைவூட்டும்.

காலை வகுப்புக்கு வெறும் வயிற்றோடு வராதீர்கள். ஹாஸ்டல் டிபன் எட்டு மணிக்கு, வகுப்பு ஏழு மணிக்கு என்றால் முந்தின இரவே வாழைப்பழமும் ஒரு பிடி வறுத்த வேர்க்கடலையும் எடுத்து வையுங்கள். எடை குறைய வேண்டும் என்று சாப்பாட்டைக் குறைக்கும் பெண்பிள்ளைகளிடம் நான் கெஞ்சியே கேட்கிறேன், வேண்டாம். எலும்பு விரிசலுக்கு அதுவும் ஒரு வழி. மூச்சு சீக்கிரம் வாங்குகிறது, தலை சுற்றுகிறது என்றால் ரத்தத்தில் இரும்புச்சத்தைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

தாளம்: தள்ளிப்போடக் கூடாத பாடம்

அடவு நன்றாக ஆடும் பிள்ளைகள்கூட, தாளம் தட்டிச் சொற்கட்டுச் சொல்லி ஆட்டத்தை நடத்தும் நட்டுவாங்க வகுப்பில் திணறுவார்கள். இதுவரை வாத்தியார் தட்டினார், நாம் ஆடினோம். கணக்கு அவர் கையில் இருந்தது. பட்டப்படிப்பு அந்தக் கணக்கை உங்கள் கைக்கு மாற்றுகிறது.

ஏழு தாளம், ஐந்து ஜாதி என்ற எண்ணிக்கை வகை, ஆக 35 தாளம் என்று மனப்பாடம் செய்வது ஒரு மணி நேர வேலை. அதைவிட முக்கியம், ஒரு சின்னத் தீர்மானத்தை, அதாவது மூன்று முறை சொல்லி முடிக்கும் சொற்கட்டை, தாளம் தொடங்கும் இடமான சமத்தில் கொண்டுவந்து சேர்ப்பது. ஆதி தாளத்தை எடுத்துக்கொள்வோம். லகு என்ற முதல் பகுதியில் நாலு எண்ணிக்கை, திருதம் என்ற இரண்டு சிறு பகுதிகளிலும் சேர்த்து நாலு. அந்தக் கடைசி நாலு எண்ணிக்கையை மட்டும், ஒவ்வொன்றையும் நான்காகப் பிரித்தால் 16 மாத்திரை. 'த தி கி ண தொம்' ஐந்து. மூன்று முறை சொன்னால் 15. ஆக, முதல் திருதத்தின் தட்டில் ஒரு மாத்திரை விட்டு எடுத்தால், மூன்றாவது 'தொம்' முடிந்த கையோடு அடுத்த சமம் விழும். காகிதத்தில் இது கூட்டல் கணக்கு. கையால் தாளம் போட்டு வாயால் சொல்லும்போது அந்த ஒரு மாத்திரை இடைவெளியில்தான் எல்லாரும் இடறுவார்கள். வேகத்தை நன்றாகக் குறைத்து, மெட்ரோனோம் வைத்துக்கொண்டு பத்து நாள் விடாமல் சொல்லுங்கள். பதினோராம் நாள் அந்த இடைவெளி உங்களுக்குக் காதில் கேட்கும். அப்போது உங்களுக்கு வரும் சந்தோஷம் புது உருப்படி கற்றபோதுகூட வந்திருக்காது.

பாட்டு வகுப்பையும் 'துணைப்பாடம்தானே' என்று விடாதீர்கள். சரளி வரிசையும் அலங்காரமும் சுருதியோடு பாடத் தெரிந்தால் இரண்டாம் ஆண்டில், சுரங்களுக்கு ஆடும் ஜதிஸ்வரம் என்ற உருப்படி பாதி கற்றதுபோலத்தான்.

ஏட்டுப் பாடம்

இதில் அடிக்கடி குழப்புவது எண்கள். அபிநய தர்ப்பணம் என்ற நூல் ஒற்றைக்கை முத்திரை 28 என்கிறது, நாட்டிய சாஸ்திரம் 24 என்கிறது. தலை அசைவு அதில் 9, இதில் 13. பார்வை அதில் 8, இதில் 36. கேள்வித்தாளில் எந்த நூலின்படி என்று பார்க்காமல் எழுதி மதிப்பெண்ணை விடுகிறார்கள். இரண்டு நூலுக்கும் இரண்டு நிற மையில் எழுதிப் பழகுங்கள்.

முத்திரைச் சுலோகத்தைப் பாராயணம் மட்டும் செய்தால் ஒட்டாது. பதாகம் என்ற முத்திரையை எடுங்கள். மேகம், காடு, இரவு, ஆறு, ஒரு பொருளை வேண்டாம் என்று விலக்குவது என்று அந்த ஒரே கைக்கு எத்தனையோ பயன். கையை மாற்றாமல் மேகத்தையும் ஆற்றையும் தோழியிடம் காட்டி, எது எது என்று கேட்டுப் பாருங்கள். கண் மேலே போகாமல் மேகம் வராது. பார்வைக்கு ஏன் தனி அத்தியாயம் வைத்தார்கள் என்பது அப்போது விளங்கும்.

வரலாற்றுத் தாளை வெறும் தேதிகளாகப் படிக்காதீர்கள். 1932-இல் இந்த ஆட்டத்தின் சதிர் என்ற பழைய பெயர் பரதநாட்டியம் என்று மாறியது, 1935-இல் கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி மேடையேறியது, 1947-இல் சென்னை மாகாணத்தில் பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டுதல் தடைசெய்யப்பட்டது என்று வரிசையாக எழுதிவிடலாம். ஆனால் நீங்கள் காலையில் தட்டுகிற அடவுகளைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வைத்திருந்த இசை வேளாளர் குடும்பங்களுக்கும், கோயிலில் ஆடிய பெண்களுக்கும் அந்தப் பதினைந்து ஆண்டுகளில் என்ன நேர்ந்தது என்று கேளுங்கள். தஞ்சை நால்வர் என்ற நடன ஆசிரியச் சகோதரர்கள் வகுத்த வரிசையில்தான் இன்றைக்கும் அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் முடிக்கிறோம். நட்டுவனார் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, நடனக் கலைஞர் பாலசரஸ்வதி ஆகியோரைப் பற்றி இரண்டு மார்க் கேள்விக்கு மேல் தெரிந்துகொள்ளுங்கள். அந்தக் கடன் நமக்கு இருக்கிறது.

இடைக்காலம்: பார்க்கவும் கற்றுக்கொள்ளுங்கள்

டிசம்பரில் சென்னை வர முடிந்தால் மாலைக் கச்சேரிகளை மட்டும் குறிவைக்க வேண்டாம். காலையில் நடக்கும் செயல்விளக்க உரைகளுக்குப் பெரும்பாலும் கூட்டம் குறைவு, கற்பது அதிகம். கிருஷ்ண கான சபாவின் நாட்டிய கலா மாநாடு 1981 முதல் நடந்துவருகிறது. மியூசிக் அகாடமியின் நடன விழா ஜனவரி தொடக்கத்தில். ஒரு நிகழ்ச்சியைப் பார்த்ததும் 'நன்றாக இருந்தது' என்று எழுதாதீர்கள். வர்ணத்தில் எத்தனை தீர்மானம், எந்த இடத்தில் கூட்டம் அமைதியானது, நட்டுவனார் எப்போது ஆடுபவரைப் பார்த்தார் என்று எழுதுங்கள்.

சென்னை தூரம் என்றால் சிதம்பரம் போதும். கோபுர வாயிலில் நின்றால் நாட்டிய சாஸ்திரம் சொல்லும் 108 கரணங்கள் என்ற ஆட்ட நிலைகளின் சிற்பங்கள் கண்ணெதிரே இருக்கின்றன. வகுப்பில் மனப்பாடம் செய்த பெயருக்கு அங்கே இடுப்பும் முட்டியும் முளைக்கும். தஞ்சைப் பெரிய கோயிலில் 108-இல் 81 கரணம்தான் செதுக்கி முடிக்கப்பட்டது, மீதிக்குக் கல் வெறுமையாகவே நிற்கிறது என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள்.

செய்முறைத் தேர்வு

வெளித் தேர்வாளர் உட்கார்ந்ததும் கேட்பது பெரும்பாலும் எளிய விஷயம்தான். "நாட்டடவு மூன்றாவது, மூன்று காலம், தாளம் போட்டுச் சொல்லிக் காட்டு." ஆடச் சொன்னால் ஆடிவிடும் பிள்ளை சொல்லச் சொன்னால் நின்றுவிடும். தேர்வுக்கு மூன்று வாரம் முன்னிருந்து அடவுப் பெயர்களைத் துண்டுச் சீட்டில் எழுதிக் குலுக்கி, வந்ததைச் சொல்லியும் ஆடியும் பழகுங்கள். தேர்வன்று கட்டப்போகும் புடவையை இரண்டு முறையாவது கட்டி ஆடிப் பாருங்கள். ரெக்கார்ட் நோட்டை வாரம் ஒருமுறை எழுதி வந்திருந்தால் கடைசி வாரத் தூக்கம் மிச்சம்.

மே மாதம்

தேர்வு முடிந்ததும் இரண்டு வாரம் சலங்கையைத் தொடாதீர்கள். நடங்கள், நீந்துங்கள், தூங்குங்கள். மூன்றாவது வாரம் உங்கள் பழைய குருவைப் போய்ப் பார்த்து, கல்லூரியில் கற்ற அடவுகளை ஆடிக் காட்டுங்கள். அவர் என்ன சொல்கிறார் என்பதையும் அந்த இரட்டைப் பக்க நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு வீட்டுச் சுவரில் மறுபடி ஒரு பென்சில் கோடு போட்டு, அதே நாட்டடவை எட்டுத் தடவை ஆடிப் படம் எடுங்கள். ஜூலை வீடியோவைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தலை இப்போது எத்தனை தடவை கோட்டைத் தாண்டுகிறது என்று எண்ணி, இரண்டாம் ஆண்டு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள்.